பெரியப்பா வாசலில் கனைத்தால்

2003 ஐப்பசியில், தீபாவளி கழிந்த வாரம், அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தேனி ஆஸ்பத்திரியிலிருந்து சுருளிப்பட்டி வீட்டுக்குத் திரும்பியபோது கார்த்திகை பிறந்திருந்தது.

உத்தமபாளையத்திலிருந்து வந்த பிசியோதெரபிப் பெண், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெல்ல உட்கார்ந்து பழகச் சொன்னார். தொடையில் வலு ஏறினால்தான் துணையில்லாமல் கழிப்பறைக்குப் போக முடியும். அம்மா கேட்டதும் அது ஒன்றைத்தான். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போவதில் அவள் கூனிக் குறுகிப்போனாள். ஆனாலும் பயிற்சி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"யாரும் வராம சும்மா எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா, பாக்குறவுக கிறுக்கின்னு சொல்ல மாட்டாகளா?"

ஒரு நாள் என் பெரியப்பா, காலமான அப்பாவின் அண்ணன், திராட்சைத் தோட்டத்திலிருந்து அவளைப் பார்க்க வந்தார். எப்போதும்போல வாசலில் நின்று கனைத்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மா அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் இடது காலில் பாரத்தைப் போட்டு, ஆடி ஆடி எழுந்துவிட்டாள். பெரியப்பா பதறிப்போனார். தன்னால் அவளுக்குச் சிரமம் என்று அதன்பின் வீட்டுக்குள் வருவதையே விட்டுவிட்டார். தெருவில் என்னைப் பார்த்தால் விசாரிப்பார்.

இதைக் கேட்டுப் பிசியோதெரபிப் பெண் சிரித்துவிட்டார். பெரியவரைத் தினமும் வரச் சொல்லுங்கள் என்றார்.

மார்கழி முதல் பெரியப்பா காலையில் வந்தார். கனைப்பார். அம்மா எழுவாள். நான் பின்னால் நிற்பேன். அவள் உட்கார்ந்ததும் வெளியே போய், கனைத்துவிட்டு மறுபடி உள்ளே வருவார். அவருக்கும் எழுபது தாண்டி, மூட்டுவலி. இருவரும் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். எல்லாம் என் வழியாகத்தான்.

"பெரியவுகள உக்காரச் சொல்லுப்பா. கால் வலிக்கும் அவுகளுக்கு."

"உங்கம்மாவ மொதல்ல ஒழுங்கா எந்திரிக்கச் சொல்லுடா. வரவர மரியாதை கொறையுது."

அம்மா கோணிய வாயோடு சிரிப்பாள்.

மாசியில், சிவராத்திரிக்கு மறுநாள், தனியாகக் கழிப்பறைக்குப் போய் வந்தாள். அது நடந்தது பங்குனியில் என்று என் தம்பி சொல்வான், அது தவறு. அவள் விழுந்த நாளை நினைத்தால் தாங்கிக்கொள்கிறேன். இந்த நாளை நினைத்தால் முடிவதில்லை.

2004 ஆடியில் மறுபடி பக்கவாதம் வந்தது. இம்முறை ஆஸ்பத்திரியில் கைவிரித்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கூடத்துக் கட்டிலில் கிடத்தினோம். கண் மட்டும் பாதி திறந்திருந்தது.

வாசலில் கனைப்பு கேட்டது. அம்மா அசையவில்லை. பெரியப்பா கட்டிலருகே வந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே போனார். கனைத்துவிட்டு உள்ளே வந்தார். திரும்பவும் போகப் பார்த்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடா," என்றார். "நாந்தான்னு தெரிஞ்சா எந்திரிச்சிருவா."

கையை விடுவித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.