அவளுக்கு அனுப்பிய காலைப் படங்கள்

என் மூஞ்சியை நானே படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் என் மனைவி போட்ட உத்தரவால் வந்தது. எங்கள் மகளை மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். போன தை மாதம் அவளுக்குக் குறைமாதத்திலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஒரு கைக்குள் அடங்குகிற பெண் குழந்தை. மருமகன் கட்டட வேலைக்குப் போகிறவர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். தையல் ஆறும்வரை மகள் குனியக் கூடாது, குழந்தையைக் குளிர் படாமல் நெஞ்சோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி ஒரு துணிப்பையோடு பஸ் ஏறிக் கீழே போனாள். மலைமேல் வாழவந்தி நாடு என்கிற எங்கள் ஊர் வீட்டில் நானும் நாயும் மிளகுத் தோட்டமும் மிஞ்சினோம்.

தினமும் போனில் கேட்பாள், சாப்பிட்டாயிற்றா என்று. ஆச்சு என்பேன். டீயும் வர்க்கியுமாக நான் பொழுதை ஓட்டுவது அவளுக்குத் தெரியாதா என்ன?

“நீங்க சொல்றத நான் நம்ப மாட்டேனுங்க. தெனமும் காலையில மூஞ்சியப் படம் புடிச்சு அனுப்புங்க. பாத்தா எனக்குத் தெரியும்” என்றாள்.

முதல் படத்தில் மூக்குதான் இருந்தது. முகம் அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. “காது எங்கீங்க போச்சு?” என்று அவள் கேட்டதும் பின்னாலிருந்து மகள் சிரித்ததும் கேட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு செல்லைப் பிடித்து ஒரு மூஞ்சியை எடுக்கத் தெரியாதா எனக்கு?

அதுவரை நான் கண்ணாடி பார்த்தது சவரத்துக்கு மட்டும்தான். இப்போது காலையில் எழுந்ததும் அதே வேலையாகப் போயிற்று. வெயில் பக்கவாட்டில் விழுந்தால் கன்னம் எடுப்பாகத் தெரியும். செல்லைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் தாடைக்குக் கீழே தொங்கும் சதை மறைந்துவிடும். தோட்டத்து மேட்டில், மூடுபனி முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் யாரோ பெரிய மனுஷன் மாதிரி இருக்கும். என் இடது கண் வலது கண்ணைவிடச் சிறியது என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன். இத்தனை வருஷம் யாருமே சொல்லவில்லையே என்று அவளிடம் அங்கலாய்த்தேன்.

“கட்டிக்கறப்பவே எனக்குத் தெரியுமுங்க” என்றாள்.

மீசைக்கு மை அடித்தேன். “யாரப் பாக்கக் கெளம்பிட்டீங்க, மாப்பிள்ளையாட்டம்?” என்று கேட்டாள். கேலிதான். ஆனால் அன்றைக்கு முழுக்க நான் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே களை வெட்டினேன்.

மாசியில் மிளகு பழுத்தது. எங்கள் பக்கம் மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்டிருப்போம். பறிப்பதற்கு ஒற்றை மூங்கில் ஏணி. ஒரே மூங்கில், அதில் கால் வைக்க இரண்டு பக்கமும் கணுக்கட்டை, அவ்வளவுதான். மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது இந்த மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

அன்று காலை பனி கலைந்து வெயில் சரியான இடத்தில் விழுந்திருந்தது. மரத்தின் மேலிருந்து, கொத்துக் கொத்தாகச் சிவந்த மிளகுக்கு நடுவில் ஒரு படம் எடுத்தால் எப்படி இருக்கும்! படத்தை எடுத்துவிட்டு உடனே இறங்கப் போகிறோம், இதற்கு எதற்குக் கயிறு என்று நினைத்தேன். ஏணியைச் சாத்தி விறுவிறுவென்று ஏறினேன். ஒற்றை மூங்கில் ஏணி, ஒரு பக்கம் பாரம் சாய்ந்தால் அப்படியே திரும்பிக்கொள்ளும். செல்லோடு வலது கையை நீட்டி, தலையைச் சாய்த்துச் சிரித்தேன். திரும்பிக்கொண்டது.

செல் காப்பிச் செடிமேல் விழுந்து கீறல்கூட இல்லாமல் தப்பித்தது. என் வலது மணிக்கட்டு தப்பவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். முழங்கைவரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

வலியைவிட எனக்கு ஒரே பயம்தான் பெரிதாக இருந்தது. தெரிந்தால் அவள் அடுத்த பஸ்ஸில் மேலே வந்துவிடுவாள். குழந்தை அப்போதுதான் பாலை ஒழுங்காகக் குடிக்க ஆரம்பித்திருந்தது. மகளால் ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியாது. என் முட்டாள்தனத்துக்கு அந்தச் சின்ன உயிர் தண்டனை அனுபவிப்பதா? என்ன ஆனாலும் சொல்லக் கூடாது, காலைப் படமும் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் இடது கையில் செல்லைப் பிடித்தேன். எப்போதும் வலது கையால் எடுப்பவன், தோள் மாறித் தெரிந்தால் கண்டுபிடித்துவிடுவாளே என்று யோசித்தேன். திரையைப் பார்த்தால் கண்ணாடியில் தெரிவதுபோல எல்லாம் இடம் மாறி, பழைய படங்களில் இருந்த பக்கமே தோள் தெரிந்தது. அப்பாடா என்று தட்டிவிட்டேன். எடுத்து முடித்ததும் செல் அதை மறுபடி திருப்பி நேராக்கிவிடும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. தோளுக்குக் கீழே ஒன்றும் தெரியாமல், பல் தெரியச் சிரித்து அனுப்பினேன்.

“நல்லா இருக்குங்க” என்று பதில் வந்தது. நம்மைப் போலக் கெட்டிக்காரன் உண்டா என்று தோளைத் தட்டிக்கொள்ள ஆசையாக இருந்தது. தட்டத்தான் கை இல்லை.

அதற்கடுத்த நாள், மலையிலேயே இன்னோர் ஊரான எடப்புளி நாட்டிலிருந்து என் மச்சினன், அவளுடைய தம்பி, கயிறும் சாக்குமாக வண்டியில் வந்து இறங்கினான்.

“எங்கூட்டுல மொளகெல்லாம் பறிச்சாச்சுங்க மாமா. சும்மாதான் இருக்கறேன், உங்களுக்கு ஒரு கை குடுக்கலாம்னு வந்தேன்” என்றான். மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, “அடடா, இதென்னங்க?” என்று வாயைப் பிளந்தான்.

“உங்க அக்காகிட்ட மூச்சு விட்டுடாத, சாமி” என்று கெஞ்சினேன்.

“நான் எதுக்குங்க மாமா சொல்றேன்?” என்றான்.

குலசாமியே அனுப்பி வைத்த ஆள் என்று நினைத்தேன். ஏணியைக் கட்டி மிளகு முழுவதையும் பறித்தான், மிதித்தான், காயப் போட்டான். சோறு பொங்கினான். படத்தில் மூஞ்சி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எனக்குச் சவரமும் செய்துவிட்டான். மீசையில் ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்துபோனது. மற்றபடி குறை சொல்ல முடியாது.

குழந்தை எடை கூடி, மகள் எழுந்து நடமாடி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, சித்திரையில் என் மனைவி மேலே வந்தாள். அதற்குள் என் கட்டைப் பிரித்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு கைகளையும் தாராளமாக வீசிக்கொண்டு நின்றேன். இறங்கியவள் நேராக என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

“வலி நின்னுருச்சுங்களா?”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மச்சினனைத் திட்டினேன். அவள் நிதானமாகச் சொன்னாள், தம்பியை அனுப்பியதே அவள்தான் என்று. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்றாளாம். அவன் விஷயத்தைச் சொன்னதும், மிளகு முடிகிறவரை அங்கேயே இரு என்றாளாம்.

“அப்போ இடது கையில எடுத்தத முதல் நாளே கண்டுபிடிச்சிட்டியா?” என்று கேட்டேன்.

“கையா? அத யாருங்க பாத்தா?” என்றாள்.

வீட்டுக்குள் உட்கார்ந்து தன் செல்லை எடுத்தாள். ஒரு படத்தைக்கூட அழிக்காமல் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள்.

“மை அடிச்சீங்க, பின்னால மஞ்சுமூட்டம் தெரிய நின்னீங்க. எதுலயாச்சும் என்னையப் பாக்கறீங்களா?”

பார்த்தேன். எல்லாவற்றிலும் என் கண்கள் கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. திரையில் தெரிந்த என் மூஞ்சியையே, என் மீசையையே, நான் ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கை முறிந்த மறுநாள் படத்துக்கு வந்தாள். அதில் என் கண்கள் நேராக எங்களைப் பார்த்தன. கண்டுபிடித்துவிடுவாளோ என்ற பயத்தில் செல்லின் மேலே இருந்த அந்தச் சின்னக் கேமரா வட்டத்தையே, அவளே அங்கே இருப்பதுபோலப் பார்த்திருக்கிறேன்.

“அன்னைக்குத்தான் என்னையப் பாத்தீங்க. என்னமோ ஆயிப்போச்சுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா நல்லா இருக்குன்னு சொன்ன?”

“வேற என்னத்தங்க சொல்றது? ஓடி வரோணும்னுதான் இருந்துச்சு. கைல புள்ள கெடந்துச்சு. அடுப்படியில நின்னு அழுதுட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.”

எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவளுக்காக நான் மறைத்தேன், எனக்காக அவள் மறைத்திருக்கிறாள். இதைவிட எனக்கு என்ன வேண்டும் என்று சந்தோஷமாகவும் இருந்தது, அந்த மை மீசையைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது. நேராகப் பார்த்த படங்கள் மட்டும் இருக்கட்டும், மற்றதையெல்லாம் அழித்துவிடு என்றேன்.

அவள் செல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அழிக்கறதுன்னா வலியில பாத்தத அழிச்சுக்கறேனுங்க. என்னையப் பாக்காட்டிப் போகுது, இந்த மை மீசப் படத்துலதான் சந்தோசமா இருக்கறீங்க. அங்க கெடந்தப்போ எனக்கு இந்த மூஞ்சிதான் வேண்டியிருந்துச்சு.”