ஆட்டுக்கறியில் கொட்டிய பழம்

இன்று பருத்திப்பட்டில் எங்கள் ஃபிளாட் மொட்டை மாடியில் கறி சுட்டோம். எனக்கு ஒரே கவலைதான். கறி மெத்தென்று வேகுமா? வாயில் மிச்சம் இருப்பது நாலு பல்.

மசாலா தடவிய ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் நிறைய மருமகள் நறுக்கிவைத்த பப்பாளியும் அன்னாசியும் இருந்தன.

என் கல்யாணத்துக்குக் கறி போட்ட பூந்தமல்லி பாய் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "முத்தல் கறியா? பப்பாளி போடு நைனா, பஞ்சா பூடும்."

மருமகளுக்கு என் பல் மேல் இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப்போய், மொத்தப் பழத்தையும் கறியில் கொட்டிப் பிசைந்துவிட்டேன்.

வெகுநேரம் விசிறிக் கரியைப் பற்றவைத்துவிட்டு மருமகள் திரும்பினாள்.

"ஐயோ மாமா! இன்னா பண்ணி வெச்சிகீறீங்க? அது சாலட்டு!"

"கறிகிட்ட பப்பாளிய வெச்சா நான் இன்னான்னு நெனைக்கிறது?"

வேறு வழியில்லாமல் அப்படியே சுட்டாள். கறி வாயில் வைத்ததும் கரைந்தது.

எதிர்வீட்டு ஐ.டி. தம்பி இரண்டாவது தட்டோடு வந்து, "எப்படிக்கா இவ்ளோ சாஃப்ட்டு?" என்றார்.

"எல்லாம் என் கைப்பக்குவம்தான் தம்பி" என்கிறாள் மருமகள்!

இந்தக் குரல் பதிவைக் கேட்கிற நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள். எனக்குப் படிக்க வராது. பதிலையும் குரலாகவே அனுப்புங்கள், அவள் காதிலும் விழட்டும்.