திறக்காத கோப்பும் ஆசிரியரான மாமாவும்

கொட்டாஞ்சேனையில் நான் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தில் கலியாணக் கார்டும் அடித்தார்கள். ஆனால் அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் இறந்தவர்கள்தான். எங்கள் சனத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் நினைவு மலர் ஒன்று அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். முகப்பில் படமும் பெயரும், உள்ளே தேவாரம், நடுவில் வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி நவிலல். யுத்த காலத்தில் ஊரில் செத்தவருக்கும் கொழும்பில்தான் மலர் அடித்தார்கள், கனடாவில் செத்தவருக்கும் கொழும்பில்தான் அடித்தார்கள். முதலாளிக்கு ஓய்வில்லை.

நான் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்றையும் முடித்திருந்ததால், சரியாகச் செய்தால் எல்லாம் சரியாக நடக்கும் என்று உறுதியாக நம்பினேன். வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குகிற தமிழர் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்கு அந்த நம்பிக்கை போதாது. கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று கேட்டால், நிரந்தர வேலை என்று எழுத்தில் காட்ட வேண்டும். முதலாளி மூன்று மாதம் பார்ப்பதாகச் சொன்னார்.

"ஒரு முறைப்பாடும் வரப்படாது தம்பி. வராட்டில் நிரந்தரம், கடிதம் தருவன். வந்தால் நீர் ஊருக்கு பஸ் பிடிக்கலாம்."

யுத்தத்தில் பாதை பூட்டு, ஊருக்கு அப்போது பஸ்ஸே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

மலரின் பகுதிகள் தனித்தனிக் கோப்புகளாகக் கணினியில் கிடந்தன. அவற்றை ஒழுங்காக எடுத்து ஒன்றாக்குவது, கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு சின்ன ஸ்கிரிப்ட். எனக்கு முன் இருந்தவர் அதை எழுதி வைத்துவிட்டு லண்டனுக்குப் போய்விட்டார். முதல் வாரம் அதைத் திறந்து வாசித்தேன். ஒரு கோப்பைத் திற என்று கட்டளை கொடுத்தால், திறந்தேன் அல்லது முடியவில்லை என்று கணினி ஒரு பதில் தரும். அந்தப் பதிலைக் கேட்பதும் விடுவதும் எழுதுபவரின் விருப்பம். அவர் ஓரிடத்திலும் கேட்கவில்லை. திறக்காத கோப்பிலிருந்து ஸ்கிரிப்ட் நிதானமாக வாசித்தது, கிடைக்காததை எழுதியது, திறக்காததை மூடியது, கடைசியில் 'முடிந்தது' என்று திரையில் போட்டது. வெள்ளவத்தையிலிருந்து வழிநெடுகச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி அடையாள அட்டை காட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறவன் நான். ஒன்றையுமே சோதிக்காத ஓர் இடம் கொழும்பில் இருந்தது என்பதை நம்பவே முடியவில்லை.

ஒவ்வொரு இடத்திலும் 'திறந்ததா?' என்று ஒரு வரி சேர்க்கலாம். ஆனால் எங்கேயாவது மறந்துபோகும். ஆகவே திறப்பது, மூடுவது, பிரதி எடுப்பது, அழிப்பது என்ற கட்டளைகள் எல்லாவற்றுக்கும் மேலே ஓர் உறை போட்டேன். இனி யார் 'திற' என்று எழுதினாலும் என் உறைதான் முதலில் கேட்கும். அது உண்மையான கட்டளையைக் கூப்பிட்டு, பதிலைப் பார்த்து, முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்தி, எந்தக் கோப்பு, என்ன காரணம் என்று திரையில் சொல்லும். நினைவு வைத்துச் சோதிக்கத் தேவையில்லை, சோதனை தானாகவே நடக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாளே ஸ்கிரிப்ட் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. தட்டச்சு செய்யும் அக்கா தன் திரையில் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால் ஸ்கிரிப்டால் அதைத் திறக்க முடியாது. அவவோ திறந்ததை மூடுகிற பழக்கமில்லாதவ.

"என்ன தம்பி, நீர் வந்தாப் பிறகு ஒரே பிழையாக் கிடக்கு?" என்றா அக்கா.

முதலாளியும் வந்துவிட்டார். "முந்தி ஒரு நாளும் பிழை வரேல்லையே!"

"முந்தியும் வந்ததுதான் ஐயா. அது சொல்லேல்லை."

"சொல்லாத பிழை எனக்கு என்ன செய்யும்? சொல்லுற பிழைதான் வேலையைக் கெடுக்குது. கண்டறியாத சோதனை!"

அந்தச் சொல்லாத பிழை என்ன செய்தது என்று பார்க்க, அலுமாரியில் இருந்த பழைய மலர்களை எடுத்துப் புரட்டினேன். ஸ்கிரிப்ட் வாழ்க்கை வரலாற்றை முதலில் ஒரு தற்காலிகக் கோப்புக்குள் போட்டுவிட்டுத்தான் மலரில் சேர்க்கும். புதியவரின் வரலாறு திறபடாவிட்டால், தற்காலிகக் கோப்பில் முந்தியவரின் வரலாறு அப்படியே இருக்கும். அதுவே சேரும், அடுத்தடுத்துத் திறபடாவிட்டால் அவற்றிலும் அதுவே. யாரோ ஓர் ஆசிரியர், மாணவரைத் தன் பிள்ளைகளாகப் போற்றியவர், வேறு வேறு படங்களுக்குக் கீழே பல மலர்களில் வாழ்ந்து மறைந்திருந்தார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் முகப்பைத் தாண்டினால் பெயர் வராது, எல்லாரும் 'அன்னார்'. அன்னார் எல்லாரும் நல்லவர்கள், கோயிலுக்கு உழைத்தவர்கள், விருந்தோம்பியவர்கள்.

முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார், கழற்றினார்.

"ஆரும் முறைப்பாடு செய்தவையோ?"

"இல்லை ஐயா."

"செத்தவை எழும்பி வந்து சொல்லப் போயினமோ?"

"இல்லை."

"அப்ப நீர் ஏன் சொல்லுறீர்? உம்மடை மூண்டு மாதம் முடியப் போகுது, அதைப் பாரும்."

மூன்று மாதம் முடிகிற கிழமையில் ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை, வந்தது. மற்ற இடமெல்லாம் பூட்டு. நாங்கள் மட்டும் கதவைப் பாதி இறக்கிவிட்டு வேலை செய்தோம், ஏனென்றால் முப்பத்தோராம் நாள் போயா பார்த்து வருவதில்லை. வெள்ளவத்தையைச் சேர்ந்த ஒருவர், கொள்ளுப்பிட்டியில் கந்தோர் உத்தியோகம், தாயாரின் மலருக்காக வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. தாயாரின் வரலாற்றைக் கந்தோரில் தானே தட்டெழுதி ஃப்ளொப்பியில் தந்திருந்தார். என் உறை நிறுத்தியது. ஃப்ளொப்பி பழுது, கோப்பு திறபடவில்லை.

"கந்தோர் பூட்டு. என்னட்டை வேறை பிரதி இல்லையே!" என்றார் அவர்.

முதலாளி என் காதோடு குனிந்தார். "அந்தச் சோதனையை நிப்பாட்டிப்போட்டு ஓட விடும். முந்தி ஓடினது மாதிரி ஓடட்டும்."

நிப்பாட்ட ஒரு வரி போதும். ஓடியிருந்தால் அந்த அம்மாவுக்கு முதல் நாள் அடித்த மலரின் வரலாறு போயிருக்கும். அது ஒரு கப்பல் கப்டனுடையது. நான் விசைப்பலகையில் கை வைத்தபடி இருந்தேன். அதற்குள் வந்தவரே தன் பையிலிருந்து ஒரு மலரை எடுத்தார்.

"முதலாளி, இது எங்கடை மாமாவுக்கு இஞ்சைதான் அடிச்சது. என்ன வடிவா எழுதியிருக்கு! இதைக் கொஞ்சம் மாத்தி அம்மாவுக்குப் போடுங்கோவன்." சத்தமாக வாசிக்கவும் தொடங்கினார். "அன்னார் மாணவர்களைத் தன் பிள்ளைகளாகப் போற்றி..."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் மூன்று மாதமும் இருந்தது. அக்கா தட்டுவதை நிறுத்தினா. சும்மா இருந்தால் கடிதம் என் கையில். ஆனால் சும்மா இருப்பதற்கு எனக்குப் பழக்கம் போதாது.

"ஐயா, உங்கடை மாமா படிப்பிச்சவரோ?"

"இல்லையே தம்பி. இரும்புக்கடை வச்சிருந்தவர்."

"அப்ப அது அவற்றை வரலாறு இல்லை ஐயா. வேறை ஆரோ ஒரு மாஸ்டற்றை. மாமாவின்ரை ஃபைல் அண்டைக்குத் திறபடேல்லை. புரோகிராம் அதைச் சொல்லவும் இல்லை."

அவர் மலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப மலரைப் பார்த்தார்.

"அண்டைக்கு மாமி இதை வாசிச்சுப்போட்டுக் கேட்டவ, 'இவர் எப்ப படிப்பிச்சவர்?' எண்டு. கலியாணத்துக்கு முந்தியாக்கும் எண்டு நான்தான் சொன்னனான்."

"ஐயோ," என்றா அக்கா.

"இப்ப மாமி கனடாவில. அங்கை எல்லாருக்கும் மாஸ்டற்றை மனிசி எண்டு சொல்லித் திரியிறா. கோயில்ல முன்வரிசையில இருத்தி வைக்கினமாம்."

முதலாளிக்கு வியர்த்தது. "தவறுதான், மன்னியுங்கோ. முறைப்பாடு ஏதும்..."

"முறைப்பாடோ?" என்று அவர் எழும்பினார். "நான் முறைப்பாடு செய்தால் மாமிக்கும் எல்லோ தெரியவரும்! உங்களைக் கும்பிட்டன், ஒருத்தரும் ஒண்டும் கதைக்காதேங்கோ."

பிறகு அக்காவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தாயாரின் கதையை வாயால் சொன்னார். மழை தூறினால் அம்மா பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற உடுப்பையும் சேர்த்து எடுத்து உள்ளே வைப்பாராம், பிறகு அந்த வீட்டுக்காரரோடு அதற்காகவே சண்டையும் பிடிப்பாராம். "இதைப் போடலாமோ?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். "போடலாம்" என்று அக்காவும் தட்டிக்கொண்டே போனா. எல்லாம் சேர்ந்து முக்கால் பக்கம் வந்தது. ஸ்கிரிப்டை ஓடவிட்டேன், நிற்காமல் ஓடியது.

அவர் மலர்க் கட்டோடு போனபின் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"முறைப்பாடு வரேல்லை," என்றார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போல. "நான் சொன்ன சொல் சொல்லுத்தான். நிரந்தரம். ஆனால் ஒண்டு. உம்மடை சோதனை இனிக் கண்டபடி திரையில கத்தக்கூடாது, வாற சனம் பாக்குது. பிழையளை ஒரு ஃபைலுக்குள்ளை எழுதட்டும்."

"ஆர் ஐயா அதை வாசிக்கிறது?"

"நீர்தான்."

"அந்த ஃபைலே திறபடாட்டில்?"

முதலாளி யோசித்தார். "அப்ப மட்டும் வந்து எனக்கு மெல்லமாச் சொல்லும்."

கடிதத்தில் என் பதவியை 'மேற்பார்வையாளர்' என்று போட்டிருந்தார். எதை மேற்பார்க்கிறாய் என்று பொலிஸில் கேட்டால் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று, வெள்ளவத்தை வரை பஸ்ஸில் வசனம் வசனமாக அடுக்கிக்கொண்டு போனேன். பொலிஸில் ஒருவரும் கேட்கவில்லை.