நாற்காலி விற்ற வீட்டுப் பிக்னிக்

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து என் தங்கை மகன் குடும்பத்தோடு வந்து இறங்கினான். மலாக்காவைச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். அதைவிட முக்கியமாக, மலாக்காவைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். எந்த மரத்தடியில் பாயை விரிப்பது, எந்தக் கடையில் எதை வாங்குவது என்று அவன் மனைவி என் கூடத்தில் உட்கார்ந்து போனைத் தடவியபடி சாயங்காலம் முழுக்கத் திட்டம் போட்டாள். மறுநாள் வாங்கி வந்தவற்றில் அழகான காகிதப் பெட்டி ஒன்று. திறந்தால் உள்ளே வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, மேலே துருவிய தேங்காய், ஓரத்தில் நகத்தளவு மிளகாய்ச் சம்பால்.

“ஜப்பான் காலத்துப் பாரம்பரியச் சாப்பாடு, பெரியம்மா. இப்ப இதுதான் பேமஸ்” என்றாள்.

நான் கிழங்கைப் பார்த்தேன். கிழங்கும் என்னைப் பார்த்தது. ஜப்பான்காரன் இருந்த காலம் முழுக்கத் தினமும் சந்தித்துக்கொண்டவர்கள் நாங்கள். புதிதாக அறிமுகம் தேவையில்லை. அதன் ஆவி மூக்கில் ஏறியதும் நீங்கள் நினைப்பதுபோல எனக்குப் பசி ஞாபகம் வரவில்லை. ஒரு மாப்பிள்ளை ஞாபகம் வந்தது.

அப்போது எங்கள் வீடு மலாக்காவின் காஜா பெராங்கில், மலாய் பேசுகிற தமிழ்ச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியை ஒட்டி இருந்தது. அப்பா வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. வெள்ளைக்காரன் ஓடியதும் கம்பெனியும் ஓடியது. அப்பாவின் கிராணி மிடுக்கு மட்டும் எங்கே ஓடுவதென்று தெரியாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. வேலைக்குப் போனவள் நான்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சில வாரம் பயிற்சி கொடுத்து, ஜப்பானிய மொழி சொல்லிக்கொடு என்று விட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாததை நான் பிள்ளைகளுக்குக் கற்பித்தேன். பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொள்ளாமல் ஒத்துழைத்தார்கள். என் வகுப்பிலிருந்து உருப்படியாக வெளியே போன ஒரே சொல் ‘ஹாய்’. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையை ஆட்டிச் சொல்கிற ஹாய் இல்லை. முதுகை வளைத்து, ‘ஆமாம், உத்தரவு’ என்று சொல்கிற ஹாய்.

அன்றைக்கு ஊரிலேயே பெரிய கல்யாணத் தரகர் ஜப்பான்காரன்தான். கல்யாணம் ஆகாத பெண்ணைத் தூக்கிப் போகிறான், கல்யாணம் ஆகாத ஆணைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. ஜாதகத்தைப் பரணில் போட்டுவிட்டு, கையும் காலும் சரியாக இருந்தால் போதும் என்று முடிச்சுப் போட்டார்கள். முன்பெல்லாம் ஒரு மாப்பிள்ளைக்கு ஒன்பது குறை சொல்கிற என் அத்தைமார்கள், மூச்சு வாங்காமல் நடக்கிறவன் எவனைக் கண்டாலும் “நல்ல பையன்” என்றார்கள்.

அப்பாவுக்கும் ஒரு சம்பந்தம் சிக்கியது. சிங்கப்பூர் மாப்பிள்ளை. அந்த ஊரின் பெயரைச் சத்தமாகச் சொன்னால் அறை விழும். ‘ஷோனான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா வீட்டுக்குள்ளேயும் ஷோனான் என்றே சொன்னார். பயத்தால் இல்லை, கேட்பதற்குக் கௌரவமாக இருந்ததாம். ஷோனானிலிருந்து அம்மாவும் மகனும் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்ததும்தான் அப்பா எங்கள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். கூடம் காலியாக இருந்தது. நாற்காலி, மேசை, கண்ணாடி வைத்த அலமாரி, கட்டில் எல்லாம் ஒவ்வொன்றாக அரிசியாகி எங்கள் வயிற்றுக்குள் போயிருந்தன.

“பிக்னிக் போவோம்” என்றார் அப்பா.

“என்னது?” என்றாள் அம்மா.

“பிக்னிக். ஞாயித்துக்கெழம தொரைங்க கூடையைத் தூக்கிட்டுப் போவாங்கல்ல? மலாக்கா வந்தவங்களுக்கு மலாக்கா சாப்பாடு. கடக்கரையில, காத்தோட்டமா.”

“உக்கார வைக்க வீட்டுல ஒண்ணும் இல்லேன்னு சொல்லுங்க.”

“அப்படியும் சொல்லலாம்” என்றார் அப்பா, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

அன்று சாயங்காலம் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிக்னிக்கைத் திட்டமிட்ட அழகைச் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பால் சோறு, இறால் சம்பால், புளியும் மிளகாயும் தூக்கலாகப் போட்ட மீன், பனைவெல்லம் வழிகிற பலகாரம், அதற்கு மேல் கோழி. கோழியை வறுப்பதா குழம்பு வைப்பதா என்பதில் அவருக்கு உண்மையிலேயே குழப்பம் இருந்தது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் எழுந்து சேலையை உதறிக்கொண்டு சொன்னாள்:

“கெழங்கு இருக்கு. எது எது வேணுமோ அந்தப் பேரை எல்லாம் அதுக்கு வெச்சிடலாம்.”

இந்த இடத்தில் மக்சிக் பொன்னியை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். மக்சிக் என்றால் மலாயில் அத்தை. பக்கத்து வீடு, கம்போங் செட்டிக்காரி. நெற்றியில் திருநீறு, இடுப்பில் சரோங், வாயில் மலாய். மாரியம்மனிடமே மலாயில்தான் சண்டை போடுவாள். எங்களிடம் கிழங்கு இருந்தது. அவளிடம் பாத்திரமும், பெலாச்சான் என்கிற இறால் விழுதும், கைப்பக்குவமும் இருந்தன. கிழங்கைத் துருவிக் காயவைத்துச் சோறு மாதிரி அவித்தாள். கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தாள். கிழங்கை அரைத்துச் சுட்டுப் பலகாரம் செய்தாள். எங்கிருந்தோ கொஞ்சம் நெத்திலியும் வந்தது. எங்கிருந்து என்று கேட்கிற வழக்கம் அப்போது இல்லை. இத்தனைக்கும் அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். பாத்திரம் எங்கே போகிறதோ அங்கே அவளும் வருவாள். ஊரில் பாத்திரத் திருட்டு அதிகமாம். அவள் பங்குச் சாப்பாடு பற்றி அவள் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

தம்பினிலிருந்து மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரயில் பாதையை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதால், விருந்தாளிகள் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்தார்கள். மேட்டில் ஏறாதபோது பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். மாப்பிள்ளையின் வெள்ளைக் கோட்டில் கரி படிந்திருந்தது. சன்னல் திரையில் தைத்த கோட்டு. முதுகில் மங்கலாகப் பூ தெரிந்தது. நெஞ்சில் ஜப்பானிய எழுத்துப் போட்ட ஒரு வட்டப் பட்டன்.

“எங்க தொரை கையாலயே குத்திவிட்டது. இது இருந்தா ஒரு பய கிட்ட வரமாட்டான்” என்றார்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டியில் ஜெயித்த பிள்ளைகளுக்குக் கொடுத்த பட்டன் அது. என் வகுப்பிலேயே இரண்டு பேரிடம் இருந்தது. பெண் பார்க்க வந்தவரிடம் முதல் பேச்சாக அதைச் சொல்வது முறையில்லை என்று சும்மா இருந்தேன்.

துங்குரா வழியாகக் கிளேபாங் கடற்கரைக்கு நடந்தோம். வழியில் காவல் நின்ற சிப்பாய்க்கு எல்லாரும் குனிந்தோம். மாப்பிள்ளை எல்லாரையும்விட ஆழமாகக் குனிந்தார். அதில் ஷோனான் பயிற்சி தெரிந்தது. சிப்பாய் துப்பாக்கிக் கத்தியின் முனையால் கூடையின் வாழையிலையைத் தூக்கினான். எங்களுக்கு உயிரே போய்விட்டது. அவன் கிழங்கைப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான், போ போ என்று கையை வீசினான். நாட்டையே பிடுங்கியவன் எங்கள் சாப்பாட்டை மட்டும் வேண்டாம் என்றுவிட்டான். அப்பாவுக்கு அது பெரிய அவமானம்.

தென்னை மரத்தடியில் பாயை விரித்தோம். அங்கே ஓர் ஆள் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்துத் தமிழர். சம்சாரமும் குழந்தையும் புக்கிட் கட்டில் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பதாகவும், அங்கே வேலை இல்லாததால் இந்தப் பிழைப்பு என்றும் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொன்று சீவிக் கொடுத்தார்.

பிறகு சாப்பாடு. அப்படி ஒரு பொய்ப் போட்டியை நான் அதற்குப் பிறகு தேர்தல் மேடைகளில்தான் பார்த்திருக்கிறேன்.

“எங்க வீட்டுல சோறு மிஞ்சி மிஞ்சிப் போகுதுங்க. யாரு திங்கிறா!” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அவர் இலையில் இருந்தது மூன்றாவது தடவை வாங்கியது.

“இங்கயும் அதே கதைதான். சோத்தக் கண்டாலே திகட்டுது” என்றாள் என் அம்மா.

“உங்க மலாக்கா அரிசி தனி ருசிங்க” என்றார் அந்தம்மா, கிழங்குத் துருவலை உருட்டி விழுங்கியபடி.

“சம்பந்தியம்மா கூச்சப்படாம சாப்பிடணும்” என்றார் அப்பா. கூச்சம் அந்தப் பக்கமே வரவில்லை. மாப்பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை. பெண் பார்க்க வந்தவர் பெண்ணைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். மக்சிக் என் காதருகில் குனிந்து, “இவங்க கடைசியாச் சாப்பிட்டது எந்த ஊர்ல?” என்று மலாயில் கேட்டாள். இவரை வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்தது அதற்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோதுதான்.

இலையை மடிக்கிற நேரத்தில் லோரி வந்து நின்றது. பின்னால் ஏற்கெனவே சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. சயாமுக்கு ஆள் பிடிக்கிற லோரி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு ஜப்பானிய சிப்பாயும், கையில் துணிப்பட்டை கட்டிய நம்மாள் ஒருவனும் இறங்கினார்கள். நம்மாள் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தான்.

“பெருசு வேணாம். வழியிலேயே செத்துச் செலவு வெச்சிடும்.”

அப்பா அன்றைக்கு இரண்டாவது தடவையாகக் கழிக்கப்பட்டார்.

மாப்பிள்ளை எழுந்து பட்டனைத் தொட்டுக் காட்டினார். “நான் ஷோனான் ஆபீசுல கிராணி. இது எங்க தொரை…”

“இது பள்ளிக்கூடப் பசங்க குத்துற பட்டன்டா. ஏறு.”

அந்தம்மா இலையைத் தாண்டி ஓடி வந்தார். “எம்புள்ளைக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க! இந்தா, இவதான் எம் மருமக!” என்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். அந்த நிமிஷம் வரை அவர் என் பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

“தாலி எங்க?” என்றான் நம்மாள்.

மக்சிக்தான் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினாள்: “சுடா ஜுவால், துவான்! சுடா மாக்கான்!” விற்றாயிற்று துரை, தின்றாயிற்று என்று அர்த்தம். நம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வீட்டுத் தாலியும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

சிப்பாய் என் எதிரே வந்து நின்று ஏதோ கேட்டான். அதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல். புருஷன். நான் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். உதட்டில் சம்பால் ஒட்டியிருந்தது. கோட்டும் ஷோனானும் எல்லாம் கழன்று விழுந்து, அப்போதுதான் முதல் தடவையாக அது ஒரு மனுஷ முகமாக இருந்தது. அவரும் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

“ஹாய்” என்றேன், முதுகை வளைத்து.

சிப்பாய் திரும்பினான். நம்மாள் இளநீர்க்காரரிடம் போனான்.

“உனக்கு?”

“ஆயிடுச்சுங்க. பொண்டாட்டி புள்ள தோட்டத்துல இருக்காங்க.”

“இங்க இருக்காளா?”

“இங்க இல்லீங்களே…”

“அப்ப ஏறு.”

எங்கள் பொய்க் கல்யாணம் செல்லுபடியானது. அவருடைய நிஜக் கல்யாணம் செல்லவில்லை. அவர் ஏறுவதற்கு முன் ஒரு தடவை எங்கள் பக்கம் பார்த்தார். உதவி கேட்பதுபோலக்கூட இல்லை, யாராவது இருக்கிறார்களா என்பதுபோல. நாங்கள் இருந்தோம். லோரி போய்விட்டது.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா மரத்தடிக்குப் போய், வெட்டாமல் கிடந்த இளநீர்க் காய்களை ஒவ்வொன்றாக எங்கள் காலிக் கூடையில் எடுத்து வைத்தார்.

“வீணாப் போயிடும்ல” என்றார்.

மக்சிக் அவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய் அந்த ஆளின் வெட்டுக்கத்தியை மட்டும் எடுத்துச் சரோங் மடிப்பில் செருகிக்கொண்டாள். அடுத்த வாரம் அவளும் அம்மாவும் புக்கிட் கட்டில் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய், இளநீர் விற்கிற ஆளின் வீடு எது என்று விசாரித்தார்கள். பெயர் தெரியாது. ஒவ்வொரு தொழிலாளர் லயத்திலும் இரண்டு மூன்று பெண்கள் ஓடி வந்தார்களாம். ஒவ்வொருத்தி வீட்டிலும் வெளியே போனவர் ஒருவர் திரும்பாமல் இருந்தார். எந்தப் பெண்ணும் அது தன் புருஷன் கத்தி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கத்தியோடு திரும்பி வந்த அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஷோனானிலிருந்து ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, தூரத்து உறவினர் ஒருவர் வாய்மொழியாக. மிகுந்த சங்கடத்தோடு சொன்னார்: “பொண்ணு லட்சணம்தானாம். ஆனா கூச்சநாச்சம் பத்தாதாம். கல்யாணத்துக்கு முன்னாலயே நாலு ஆம்பள முன்னாடி புருஷன்னு சொன்ன பொண்ண எப்படி எடுக்கறதுன்னு கேக்குறாங்க.”

நான் வேண்டாம் என்று சொல்லவிருந்த மாப்பிள்ளை, என் வாயால் பிழைத்து, அந்த வாய்க்காகவே என்னை வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எல்லாவற்றையும்விட, என்னை முந்திக்கொண்டார்களே என்று இருந்தது. அப்பா வெகு நேரம் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். பிறகு வாசலுக்குப் போய் நின்று, “சிங்கப்பூர்க்காரனுங்க!” என்றார். தெருவே கேட்கும்படி. ஜப்பான்காரன் காலத்தில் அப்பா செய்த ஒரே வீரம் அதுதான்.

சண்டை முடிந்தபின் எனக்குக் கல்யாணம் ஆனது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெசர் வேலை பார்த்தவர். கிளேபாங் கதையைக் கேட்டதிலிருந்து அந்த மாப்பிள்ளையை ‘மூத்தவர்’ என்றே குறிப்பிடுவார். மூத்தவர் சிங்கப்பூரில் நன்றாக இருந்தார் என்று கேள்வி. பட்டனைப் பார்த்ததுமே ஜப்பான்காரன் சல்யூட் வைத்து விட்டுவிட்டான் என்று அவர் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சில மாதங்களுக்கு முன் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது டாக்சியைக் கிளேபாங் பக்கம் விடச் சொன்னேன். கடலைக் காணோம். மண்ணைக் கொட்டி அதைத் தூரத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். தென்னை இல்லை, மணல் இல்லை. வரிசையாகக் கடைகளும் வண்டிகள் நிறுத்தக் கோடு போட்ட இடமும்தான். டிரைவர் பையன் எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்டான். அன்றைக்கு அந்தப் பாயில் உட்கார்ந்தவர்களில் இப்போது மிச்சம் நான் ஒருத்திதான். லோரி நின்ற இடத்தைக் காட்ட என்னைவிட்டால் ஆளில்லை. நான் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.