ஒய்பென் மந்திரிக்கு வாங்கிய பொன்னாடை

தண்டையார்பேட்டையில் வெல்டிங் ராடு, கட்டிங் வீல் விற்கிற கடை என்னுடையது. போன நவம்பரில் சரக்கு பார்க்க ஜெர்மனி போனேன். வேலை முடிந்து ஒரு நாள் மிச்சம் இருந்தது. சுற்றிப் பார்க்கிற ஆள் இல்லை நான். பக்கத்தில் பெல்ஜியத்துக்குள் இருக்கும் ஒய்பெனுக்குப் போனது செல்வத்துக்காக.

செல்வம் கத்திவாக்கத்துக்காரன். எர்ணாவூர்ப் பட்டறையில் வெல்டராக இருந்தபோது என் வாடிக்கையாளன். இப்போது ஒய்பெனில் வேலை. அப்போது அவன் வேலை அனுமதி வருடக் கடைசியோடு முடிய இருந்தது. நீட்டிக்கச் சொல்லி அவன் முதலாளி விண்ணப்பித்தும் பதில் இல்லை. வராவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். நான் கிளம்புமுன் அவன் மனைவி தேவி கடைக்கு வந்தாள்.

"ஒரு எட்டு போய்ப் பாருண்ணா. அது வாயத் தொறந்து யாரையும் கேக்காது. நீ பேசுனா வேல ஆவும்."

இந்த ஊரில் எனக்குக் காரியங்கள் நடந்ததெல்லாம் ஆளைப் பார்த்துப் பேசித்தான். வண்ணாரப்பேட்டையில் நல்ல ஜரிகை வைத்த பொன்னாடை ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

ஜெர்மனியின் எல்லை நகரமான ஆகனிலிருந்து ஒய்பென் ஏறத்தாழ பதினெட்டு கிலோமீட்டர். பேருந்தில் முக்கால் மணி நேரம், டிக்கெட் ஐந்து யூரோவுக்குள். எல்லை எங்கே வந்தது என்றே தெரியவில்லை. பெல்ஜியம் என்றால் பிரெஞ்சு, டச்சு என்று நினைத்திருந்தேன். இங்கே கடைப் பலகை முதல் பள்ளிக்கூடம் வரை ஜெர்மன். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியிடமிருந்து வந்த நிலம். ஒன்பது ஊராட்சிகள், சுமார் எண்பதாயிரம் பேர். அதற்குத் தனி நாடாளுமன்றம், நான்கு மந்திரிகள் கொண்ட தனி அரசு. நம் மண்டல அலுவலகம் ஒன்றுக்கு உட்பட்ட ஜனம்கூடத் தேறாது. ஆனால் பள்ளி, முதியோர் இல்லம், வேலை அனுமதி எல்லாம் இவர்கள் கையில்.

"அப்போ மந்திரியைப் பிடிச்சா முடிஞ்சுதே" என்றேன், பேருந்து நிறுத்தத்துக்கு வந்து என்னை அழைத்துப் போன செல்வத்திடம்.

"சும்மா இரு அண்ணாத்த. இங்க அப்டிலாம் இல்ல."

காபி குடிக்க ஒரு ரொட்டிக்கடைக்குள் போனோம். காபி மூன்று யூரோ. வரிசையில் எங்களுக்கு முன்னால் மழைக்கோட்டு போட்ட ஒருவர் நின்றார். செல்வம் என் காதில் குசுகுசுத்தான்.

"மந்திரி. டெய்லி இங்கதான் ரொட்டி வாங்கினு போவாரு."

கூட ஒரு ஆள் இல்லை, சைரன் இல்லை. இப்படி ஒரு வாய்ப்பு எப்போது கிடைக்கும்? பையைத் திறந்து பொன்னாடையை உதறினேன். செல்வம் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா காரியம் பண்ற நீ! ஃபைலு உள்ள இருக்க சொல்லோ மந்திரிக்கு கிஃப்டா? என்ன ஊருக்கு அனுப்பவே வந்தியா?"

வெடுக்கென்று பிடுங்கித் தன் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான். அதே நேரம் மந்திரி திரும்பினார். ஜரிகையைப் பார்த்தார். ஜெர்மனில் ஏதோ கேட்டார். செல்வமும் சிரித்தபடி பதில் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு ரொட்டியோடு போய்விட்டார்.

"இன்னாடா கேட்டார்?" பதற்றத்தில் எனக்கும் மெட்ராஸ் பாஷை வந்துவிட்டது.

"சூடா கீதான்னு கேட்டாரு. கீதுன்னேன்."

"அனுமதியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"ரொட்டி வாங்க வந்தவர்கிட்டயா? தேவி பேச்சக் கேட்டு வந்தியே, நீ ஒரு ஆளு."

அதற்குப் பிறகு அரசுக் கட்டடத்தை எதிர்ச் சாரியில் நின்று பார்த்ததோடு சரி. செல்வம் என்னை வாசல் பக்கம் போக விடவில்லை. மாலைப் பேருந்தில் ஏற்றிவிடும்போதும் பொன்னாடை அவன் கழுத்தில்தான் இருந்தது. திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பு அனுமதி நீட்டிப்பு வந்துவிட்டது. வேலைக்கு ஒய்பென் ஒப்புதல், தங்குவதற்குப் பிரசெல்ஸ் ஒப்புதல். விண்ணப்பம் வரிசைப்படி நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தேவி மட்டும் நான் மந்திரியிடம் பேசித்தான் நடந்தது என்று கத்திவாக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது கடைக்கு இரண்டு பேர் விண்ணப்பத்தோடு வந்து நிற்கிறார்கள். உள்ளதைச் சொன்னால், "தன்னடக்கம்" என்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போகிறவர்களுக்கு: ஷெங்கன் விசா போதும். ஜெர்மனிக்குத் திரும்பும்போது போலீஸ் சோதிக்கலாம், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். நாலு வார்த்தை ஜெர்மன் தெரிந்தால் நல்லது. பொன்னாடையும் எடுத்துப் போங்கள். நவம்பரில் குளிர் தாங்காது.