பஸ் நிற்காத பாதைக்கு ஒரு பெயர்

எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு பஸ் நிறுத்தம். அதுவும் புதிதாக இல்லை, இருந்ததையே திருப்பிக் கேட்டோம்.

மடுல்சீமையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ் முன்பெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கும். என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பசறை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே போனாலும், இறங்கினால் கட்டில் பக்கத்தில்தான் என்ற தைரியம் அவருக்கு இருந்தது. பிறகு டவுன் நெரிசலைக் குறைக்கிறோம் என்று பாதைகளை ஒருவழியாக்கினார்கள். பஸ் எங்களைக் கீழே ஒரு முனையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஆஸ்பத்திரிவரை ஏற்றம். சில நாள் ஆட்டோ பிடித்தோம். கொழுந்தெடுக்கும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்கிற என் சம்பளத்தில் அது எத்தனை நாளைக்கு ஓடும்? நடந்தோம். நடந்தோம் என்பதுகூடப் பொய். அவர் நாலு எட்டு வைப்பார், மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூச்சு திரும்பும்வரை நான் குடையைப் பிடித்தபடி, காரில் போகிறவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த ஏற்றத்தைத்தான் அகலமாக்கிப் புதுப் பெயர் வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். பெயரைப் பற்றிப் பொதுக்கூட்டம், யாரும் வரலாம் என்றார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம்.

யாரும் வரலாம் என்றால் யாரும் பேசலாம் என்றுதான் அர்த்தம். எங்களுக்கு அது பிடிபடவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பழகிய சனம் நாங்கள். தோட்டத்துத் துரையிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் தொழிற்சங்கத் தலைவர்தான் சொல்வார், நாங்கள் பின்னால் நிற்போம். அதே பழக்கத்தில் இங்கேயும் தலைவரையே முன்னால் விட்டோம். வேனில் போகும்போதே அவரைப் பிடுங்கி எடுத்தேன்.

"அண்ணே, பேரு என்னத்தையோ வச்சிட்டுப் போறாங்க. பஸ்ஸ மட்டும் கேட்டுருங்க."

"அட இரும்மா, அத நான் மறப்பனா?"

மண்டபத்தில் சண்டை சூடாக நடந்தது. ஒரு கட்சி செத்துப்போன அமைச்சர் ஒருவரின் பெயர் என்றது, இன்னொரு கட்சி படைவீரர் ஒருவரின் பெயர் என்றது. யாருக்குத் தேசபக்தி கூட என்று நிறுத்துப் பார்த்தார்கள். பிறகு திறப்பு விழாவில் தேசிய கீதத்தை எந்த மொழியில் பாடுவது என்று ஆரம்பித்தார்கள். தமிழில் பாடினால் நாடே இரண்டாகிவிடும் என்கிற மாதிரி ஒருவர் கத்தினார். அப்போதுதான் எங்கள் தலைவர் எழுந்தார். சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினார். இந்த மலைப்பாதைகளை வெட்டிய கைகள் யாருடையவை என்று கேட்டார். விளங்குகிற மொழியில் பாட விடாமல் நாட்டை நேசி என்றால், எங்கள் பிள்ளைகள் எப்படி நேசிக்கும் என்று கேட்டார். பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையால் என் வீட்டுக்காரர் தட்டினார். தமிழிலும் பாடலாம், பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்தது.

பஸ்? கைகொடுக்க நெருக்கிய ஆட்களை விலக்கிக்கொண்டு போய்த் தலைவரிடம் கேட்டேன். அவர் முகம் செத்துவிட்டது.

"ஐயோ, அந்த வேகத்துல விட்டுப்போச்சும்மா. அடுத்த கூட்டத்துல பேசுறேன்."

என் வாயில் நல்ல வார்த்தை வராது என்று தெரிந்து, என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "விடு புள்ள. நல்லாத்தானே பேசுனாரு."

அடுத்த கூட்டம் என்று ஒன்று வரவேயில்லை. திறப்பு விழா நடந்தது. பிள்ளைகள் தமிழில் அழகாகப் பாடினார்களாம். நாங்கள் போகவில்லை. அதன்பிறகு ஒரு மழைநாளில் பாதி ஏற்றத்தில் இவர் உட்கார்ந்துவிட்டார்.

"இனி ஏலாது. வீட்டுக்குப் போவோம்."

கெஞ்சினேன், திட்டினேன், நடுப்பாதையில் அழுதேன். அன்றைக்கு எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தேன். அடுத்த தடவை அவர் எங்கள் லயத்து வரிசை வீட்டின் கதவைத் தாண்டவில்லை. கால் வீங்கியது, முகம் வீங்கியது, பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே கிடந்து போய்விட்டார். வியாதிதான் கொன்றது என்கிறார்கள். அந்த ஏற்றம்தான் கொன்றது என்று நான் யாரிடமும் சொல்வேன்.

செத்த வீட்டுக்குத் தலைவர் மாலையோடு வந்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே அழுதார். என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்ல மனுசன்ம்மா. நம்ம லயத்துப் பாதைக்குக் கொங்கிரீட் போடப்போறாங்க. அதுக்கு இவரு பேரையே வைக்கணும்னு நான் பேசுறேன்."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒரு அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"பேரு வேணாங்க" என்றேன். "மேல் லயத்து மாமாவுக்கும் கிட்னி போயிருச்சு. வியாழக்கெழம அவரு போகணும். பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லுங்க."

வியாழக்கிழமை மாமா அந்த ஏற்றத்தை நடந்துதான் ஏறினார்.