தாலியின் பின்பக்கம்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன வாரம் சித்தூரில் அந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் இன்னும்கூட மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

காய்ச்சிய வெள்ளியை அமிலத்தில் போட்டால் எழும் அந்தப் புளித்த நெடி... திருப்பதியில் நான் படித்த ஆர்ட் ஸ்கூலின் மாடி அறை முழுக்க அதுதான். சனிக்கிழமை ஊருக்கு பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்துவார்.

கன்டெம்ப்பரரி ஜூவல்லரி. சைக்கிள் டியூபில், மாங்கொட்டையில், துருப்பிடித்த தகரத்தில்கூட நகை செய்யச் சொல்லிக்கொடுத்த படிப்பு. ஊரில் யாருக்கும் புரியாது. "நகைக்கடையில வேலையாப்பா?" என்பார்கள்.

எங்கள் மேடம் ஒரே ஒரு விஷயத்தில் கறார். "சந்தகம் லேகபோதே மார்க்குலு லேவு!" கையெழுத்து இல்லாத வேலைக்கு மார்க் கிடையாது. அதற்காக ஆளுக்கொரு முத்திரை செய்துகொண்டோம். நான் ஒரு பெரிய ஆணியின் நுனியை அராவி, என் பெயரின் இரண்டு எழுத்துகளைச் செதுக்கினேன். எதைச் செய்து முடித்தாலும் கை தானாகவே அதைத் திருப்பி முத்திரையை அடித்துவிடும்.

கடைசி வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையும் எங்கள் சபைதான். அவரே வந்து கேட்டார்.

"மச்சான், தாலிய நீயே பண்ணிடு. பவுன் எங்க வூட்லருந்து தரோம்."

எங்கள் சபையில் தாலி என்றால் திறந்த வேதாகமம், அதன்மேல் ஒட்டிய சிலுவை. நான் ஒட்டவில்லை. மடித்த காகிதம் போல ஒரு மெல்லிய தகடு. நடுவில் சிலுவை வடிவத்தை அறுத்து எடுத்துவிட்டேன். அந்த இடைவெளியில் போட்டிருப்பவளின் தோல் தெரியும்.

அக்கா கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். "என் உடம்பே சிலுவையாத் தெரியுதுடா..." என்றாள். இதைவிடப் பெரிய மார்க் எனக்கு யாரும் போட்டதில்லை. மேடமும் சொல்லிவிட்டார், இதுவே உன் ஃபைனல் வேலை, கல்யாணம் முடிந்ததும் கொண்டுவந்து காட்டு என்று.

கல்யாணத்தன்று திருப்பதியிலிருந்து முதல் பஸ்ஸில், டூல் பையோடு நேராகச் சர்ச்சுக்கு வந்தேன். ஆராதனைக்கு முன்னால் தாலியை வெஸ்ட்ரியில், அதாவது ஆயரின் அறையில், அவரிடமும் கமிட்டிக்காரர்களிடமும் காட்ட வேண்டும். மாப்பிள்ளையின் பெரியப்பா கமிட்டியில் இருந்தார். வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாது இது, பின்னாடி எழுத்து?"

"என் மார்க் அங்கிள். செஞ்சவங்க போடறது."

"கட்டறவன் எங்க பையன். பேரு உன்னுதா? எந்தப் பத்தர்பா தாலியில பேரு வெட்டிக்கினு இருக்கான்?"

"கூடப் பொறந்தவன் பேருதானே அங்கிள்..."

"அதான் கேக்கறேன். தம்பி பேரை மாட்டிக்கினு எங்க வூட்டுக்கு வரணுமா அந்தப் பொண்ணு?"

ஆயர் வாட்சைப் பார்த்தார். "பாட்டு முடியறதுக்குள்ள எதனா பண்ணுங்கப்பா." ஆசையாகக் கேட்டு வாங்கிய மாப்பிள்ளையோ தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நைனா, என் அப்பா, தோளைத் தொட்டார்.

"அராவிடுடா. அக்கா வெளிய நின்னுகினு கீறா."

கல்யாண ரெஜிஸ்டர் இருந்த மேஜையிலேயே வைத்து, என் அரத்தாலேயே என் எழுத்துகளை அராவினேன். வெளியே சபை பாடிக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், உதிர்ந்த தூளை விரல் நுனியால் ஒற்றி எடுத்தேன். பெரியப்பா ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார்.

"அந்தத் தூளையும் மடிச்சிக் குடுத்துடு. எங்க வூட்டு பவுன்."

கொடுத்தேன்.

அடுத்த மாதம் அக்கா திருப்பதிக்கு வந்து தாலியைக் காட்டினாள். மேடம் திருப்பிப் பார்த்தார். எழுத்து இருந்த இடத்தில் ஒரு பள்ளம். "எவரிதி இதி?" யாருடையது என்று கேட்கிறார்! செய்யும்போது தினமும் பார்த்தவர். நடந்ததைச் சொன்னேன். ரூல் ரூல்தான் என்றார். மார்க் இல்லை, டிப்ளமோவும் இல்லை. இன்றுவரை ஒரு ஷோரூமுக்கு டிசைன் வரைந்து கொடுக்கிறேன். நகையில் கடையின் பெயர் இருக்கும்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். அதே பெரியப்பாவின் பேத்திக்குக் கல்யாணம், அதே சர்ச். கிழவர் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு தாலிப் பெட்டியை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

"பெங்களூர் டிசைனரு பண்ணது. பின்னாடி பாரு, அவங்க கையெழுத்தே கீது! கையெழுத்து இல்லன்னா டூப்ளிகேட்டாம்."

என்னிடமும் நீட்டினார். "நீகூட இந்த மாதிரி எதுவோ படிச்சே இல்ல?"

திருப்பிப் பார்த்தேன். அந்த டிசைனரின் பெயரில் இரண்டு எழுத்துகள். கிழவருக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை! நான் இத்தனை வருஷம் சுமந்ததை அவர் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டோடு மறந்திருக்கிறார்.

பக்கத்தில் அக்கா. அவள் கட்டைவிரல் தன் தாலியின் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

இதை எழுதப்போகிறேன் என்று வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன்.

"எழுது. பேரு மட்டும் போடாதடா. அந்த வூட்லதான் நான் சோறு துன்னணும்."

இதை எழுதி முடித்துவிட்டுக் கீழே என் பெயரை இரண்டு தடவை டைப் செய்தேன். இரண்டு தடவையும் அழித்தேன். அன்றைக்கு அந்த எழுத்துகளை எடுக்க ஒரு பாட்டு முழுக்கத் தேவைப்பட்டது. இன்றைக்கு ஒரு நொடி.

பெயர் இல்லாமலே போடுகிறேன். இந்தத் தடவை தூளையாவது யாரும் கேட்க மாட்டார்கள்.